வேலை போன மறுநாள் புன்னைக்காயல் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் கைபேசியில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். ட்ரோனை மேலே பறக்கவிட்டு எடுத்த படம். கீழே ஆறு கடலில் சேருகிறது. அலையாத்திக் காடு பச்சைப் பசேலென்று கிடக்கிறது. தேவாலயத்துக் கோபுரம் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. பின்னணியில் ஓர் இளைஞரின் உற்சாகக் குரல்: "யாருக்குமே தெரியாத ஒரு இடத்துக்கு வந்திருக்கோம் ஃபிரெண்ட்ஸ்!" இடம், புன்னைக்காயல். அடியில் தம்பி மகன் எழுதியிருந்தான்: "அத்தை, தூத்துக்குடிக்குப் பக்கமாமே, ஒரு நாள்ல போய்ட்டு வந்துரலாமாம். நீங்க போயிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாருக்குமே தெரியாத இடமாம். நூற்றாண்டுக் கணக்கில் அங்கே சனங்கள் வலை போட்டு, கப்பலேறி, கல்யாணம் கட்டி, சண்டை போட்டு, சமாதானமாகித் திருநாள் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையனுக்குத் தெரியாவிட்டால் யாருக்குமே தெரியாது என்று ஆகிவிடுமா? "இதுக்கெல்லாமா ஒருத்தி கோபப்படுவா?" என்று என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். படுவேன். எனக்கு இது அம்மா வழியில் வந்தது. மற்றவர்களுக்கு அம்மா வழியில் நகை வரும்.

தம்பி மகனுக்கு "போயிருக்கேன்" என்று மட்டும் பதில் போட்டேன். மூன்று வரிக்கு மேல் படிக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. மீதியை உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு நேரமிருந்தால்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனிக்காக, மூட்டைகள் மேலே போவதையும் கீழே வருவதையும் பக்கத்தில் நின்று எண்ணுகிற வேலை. துறைமுகத்தில் வேலை என்றதும் பள்ளிக்கூடத்தில் என் தோழிகள், அப்பா கப்பல் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது அன்றைய சரக்கின் வாசம் அவர்கூடவே வரும். கோதுமை என்றால் மாவுமில் வாசம். உரம் என்றால் மூக்கில் ஏறும் ஒரு நெடி. முந்திரிக்கொட்டை என்றால் லேசான எண்ணெய்க் காரம். நானும் தம்பியும் வாசல் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவர் செருப்பைக் கழற்றும் முன்பே "முந்திரி!", "உரம்!" என்று கத்துவோம். சரியாகச் சொன்னவருக்கு அப்பா முதுகில் ஒரு தட்டு. தம்பி பெரும்பாலும் "பிஸ்கட்!" என்றுதான் கத்துவான். பிஸ்கட் கப்பலில் வராது என்று யார் சொல்லியும் அவன் நம்பவில்லை.

ஒருநாள் அப்பா எந்த வாசமும் இல்லாமல் வந்தார். காலையில் போட்ட பவுடர் வாசம்தான் சட்டையில் இருந்தது. நாங்கள் இருவரும் கதவுக்குப் பின்னால் முழித்துக்கொண்டு நின்றோம். அவர் எங்களைப் பார்க்காமல் நேரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் கப்பலுக்குப் போகவில்லை. கம்பெனியில் விசாரணை. அதற்குச் சில வாரங்கள் முன்னால் மூட்டைகளைத் தூக்கிய கயிறு அறுந்து, கீழே நின்ற தொழிலாளி ஒருவர் மேல் பாரம் விழுந்துவிட்டது. உயிர் தப்பியது, தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. அவர் பெயர் தொம்மை, புன்னைக்காயல்காரர். கயிறு நைந்திருக்கிறது என்று அன்று காலையிலேயே அப்பா சொல்லியிருக்கிறார். "இந்தக் கப்பல் முடியட்டும், மாத்திக்கிடலாம்" என்று பதில் வந்திருக்கிறது. இப்போது கம்பெனிக்கு வேறு கதை தேவைப்பட்டது. தொம்மை குடித்திருந்தான், நிற்கக் கூடாத இடத்தில் நின்றான், தானாக இழுத்துவிட்டுக்கொண்டான் என்ற கதை. பக்கத்தில் நின்ற டேலி கிளார்க் அதற்கு ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

அப்பா தலையசைக்கவில்லை. "அவன் குடிக்கல சார். கயிறுதான் அறுந்தது. காலையிலயே சொன்னேன்" என்றிருக்கிறார். அவ்வளவுதான் பேசினாராம். அவர்களும் அவ்வளவுதான் பேசினார்களாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று.

இதை அவர் அம்மாவிடம் மெல்லத்தான் சொன்னார். ஆனால் மில்லர்புரத்துச் சுவர்கள் அப்படியொன்றும் கெட்டியானவை அல்ல. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தெருவே வந்துவிட்டது. துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி காபித்தூள்கூடக் கொண்டுவந்திருந்தாள். எதிர்வீட்டு மாமா அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தார். அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒரு வார்த்தைய விழுங்கிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்குக் காலையில என்கூட வாங்க. கம்பெனிப் பெரியவரு கால்ல விழுந்திட்டா சேத்துக்கிடுவாரு."

அம்மா முந்திக்கொண்டாள். "நாளைக்கு முடியாது அண்ணாச்சி. நாளைக்கு நாங்க டூர் போறோம்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை எங்கும் டூர் போனதில்லை. திருச்செந்தூருக்குப் போவோம், அது மொட்டை போட.

மறுநாள் வேலைநாள், பள்ளிக்கூட நாள். அம்மா எங்களை எழுப்பிக் குளிக்கவைத்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டாள். புளிச்சோறு கிண்டி, முட்டை அவித்து, தூக்குவாளியில் அடைத்தாள். தலையில் கனகாம்பரம். அப்பா கட்டிலின் ஓரத்தில் ராத்திரி கட்டிய சாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குப் போய் எவளாச்சும் டூர் போவாளா?" என்றார்.

"வேலை இருந்தப்ப ஒருநாளாவது கூட்டிட்டுப் போனீங்களா? கேட்டா லீவு இல்லம்பீங்க. இன்னைக்கு லீவுதானே. வெரசா கிளம்புங்க."

"தெருவே பாக்கும்."

"பாக்கட்டும். அதுக்குத்தான் பூ வச்சிருக்கேன்."

எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு வழிகள். சந்து வழியாகப் போனால் கிட்ட. அம்மா பெரிய தெரு வழியாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அதுவும் தேர் நகர்கிற மாதிரி பைய நடந்தாள். தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் குடத்தை நிரம்பி வழிய விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "எங்க மதினி கிளம்பிட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "புன்னைக்காயலுக்கு. கடல் பாக்க" என்றாள் அம்மா, நான்கு வீடு தள்ளிக் கேட்கும்படி. தூத்துக்குடியில் இருந்துகொண்டு கடல் பார்க்க ஒருத்தி புன்னைக்காயலுக்குப் போகிறாள் என்பதில் இருந்த அநியாயம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு வேலை போனால் பள்ளிக்கூடம் லீவு, தீபாவளிச் சட்டை, அவித்த முட்டை. அப்படியென்றால் அடிக்கடி போகட்டுமே என்றுதான் தோன்றியது. எதிர்வீட்டு மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. உப்பளங்களைத் தாண்டும்போது வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. முக்காணிப் பாலம் வந்ததும் கீழே தாமிரபரணி அகலமாக ஓடியது. அதைப் பார்க்கத் தலையை நீட்டியபோதுதான் எனக்குக் குமட்டி, காலையில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. இன்றுவரை அந்தப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு மரியாதைக்காவது எனக்கு லேசாகத் தலை சுற்றும். ஆத்தூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அங்கே வெற்றிலைக் கட்டுகள் அடுக்கியிருந்த கடைவாசலில் அம்மா என் வாயைக் கழுவிவிட்டு, ஒரு தளிர் வெற்றிலையை மெல்லச் சொன்னாள். அப்பா தூணில் சாய்ந்து, எங்களோடு வராதவர் மாதிரி நின்றார். வேலைநாளில் வெயில் நேரத்தில் துறைமுகத்துக்கு வெளியே நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

வாழைத்தோப்புகள் முடிந்து உவர்நிலம் தொடங்கியதும் மீன் கருவாடாகிற வாசம் பஸ்ஸுக்குள் நுழைந்தது. அதோடு புன்னைக்காயல் வந்தது.

அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. எங்கள் டீச்சர், இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் முத்துக் குளித்த இடம் என்று சொல்லியிருந்தார். "ஒரு காலத்தில்" என்பதை நான் காதில் வாங்கவில்லை. முத்து நகரில் பிறந்து வளர்ந்தும் நான் ஒரு முத்தைக் கண்ணால் கண்டதில்லை. அம்மாவின் காதில் கிடந்தது பனிமய மாதா திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக். புன்னைக்காயலில் போய்க் குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பென்சில் டப்பாவைக் காலி செய்து எடுத்து வந்திருந்தேன்.

ஆற்றங்கரையில் வள்ளங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம் அம்மா பேசி, ஆறு கடலில் விழுகிற இடத்திலிருக்கும் மணல் திட்டுக்கு எங்களைக் கொண்டுபோய்விடச் சொன்னாள். வள்ளத்தில் ஏறியதும் நான் அவரிடம், "இங்க முத்து எங்கன கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"முத்தா?" அவர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்கப்பா முங்கி எடுத்தாரு. நான் முங்குனா சாளை மீனுதான் கிடைக்கும். வேணுமா ளா?"

மணல் திட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர், கலங்கல். மறுபக்கம் கடல், நீலம். நடுவில் இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்தது. தம்பி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். நான் பென்சில் டப்பா நிறையச் சிப்பி பொறுக்கினேன், ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்தேன், உள்ளே மணல்தான் இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பலைப் பார்த்து, "அது கோதுமைக் கப்பல். முந்தாநாள் வந்தது" என்றார் யாரிடமோ சொல்வது மாதிரி. பிறகு அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். புளிச்சோறு தின்னும்போது ஒருமுறை சிரித்தார், தம்பியின் முட்டையில் மணல் ஒட்டிக்கொண்டதற்கு.

சாப்பிட்டுக் கைகழுவியதும் அம்மா சொன்னாள்: "சரி, அந்த தொம்மை வீடு எங்கன இருக்குன்னு கேட்டுப் போவோம்."

அப்பாவின் முகம் மாறியது. "இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

"நான் வரல. அவன்கிட்டப் போய் நின்னா என்ன அர்த்தம்? உனக்காக வேலைய விட்டுட்டேன் பாருன்னு சொல்லிக்காட்டுன மாதிரி இருக்கும். அவனே எலும்பு முறிஞ்சு கிடக்கான். அவன் தலையில இதையும் ஏத்தணுமா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அடிபட்டுக் கிடக்கிற மனுசனப் பாத்துட்டு வருவோம். நீங்க என்ன தப்பு செஞ்சீங்க, ஒளிஞ்சுகிட்டே போறதுக்கு?"

அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. எங்களைத் திரும்பக் கூட்டிப்போக வந்த வள்ளக்காரருக்கே வீடு தெரிந்திருந்தது. அந்த ஊரில் யாருக்குத்தான் யார் வீடு தெரியாது. கோயில் தெருவிலிருந்து பிரிந்து ஆற்றைப் பார்க்க இறங்கும் ஒரு சந்து. அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். சந்தின் கடைசியில் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மயினி! வந்துட்டீங்களா!"

அவர்தான் பிலோமி, தொம்மையின் மனைவி. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியாஸ்பத்திரில பழக்கம்" என்றாள் அம்மா, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த பழக்கம் மாதிரி. தொம்மை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அப்பா வேலைக்குப் போன பின் அவள் கஞ்சி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

உள்ளே கட்டிலில் தொம்மை படுத்திருந்தார். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. தலைமாட்டில் மாதா படம். பெரிய தோள்கள், அந்தக் கட்டிலுக்குள் அடங்காத ஆள். அப்பாவைப் பார்த்ததும் எழப் பார்த்து, முடியாமல் கையை மட்டும் தூக்கினார்.

"அண்ணாச்சி! ஏளா பிலோமி, ஆபீஸ் அண்ணாச்சி வந்திருக்காவ பாரு! உக்காருங்க. இன்னைக்கு டூட்டி இல்லையா?"

"லீவு" என்றார் அப்பா.

பொய் சொல்லமாட்டேன் என்று வேலையை இழந்த மனிதர் மறுநாளே சொன்ன பொய் அது. அம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வது போல் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

பிலோமி அத்தை எங்களைச் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். சாப்பிட்டாயிற்று என்று அம்மா சொன்னது குசினிக்குள் கேட்கவே இல்லை. அங்கே சமையலறையை அப்படித்தான் சொல்வார்கள். சாளை மீன் குழம்பு கொதிக்கும் வாசம் வந்து வீட்டை நிறைத்தது. அப்போதுதான் சந்தின் முனையில் கார் ஹாரன் கேட்டது.

கம்பெனி சூப்பர்வைசர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் ஒரு பழப்பை. குனிந்து வாசலுக்குள் வந்தவர், இருட்டுக்குக் கண் பழகும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எப்படி இருக்க தொம்மை? நாளைக்கு லேபர் ஆபீசர் உன்னைப் பாக்க இங்க வாராரு. பயப்படாத. அன்னைக்கு லேசா போட்டிருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு, போதும். கம்பெனி உன்னைக் கைவிடாது. கால் சரியானதும் உக்காந்து பாக்கிற மாதிரி ஒரு வேலை போட்டுத் தருவாங்க."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துவிட்டார். பழப்பை கையில் அப்படியே நின்றது. "நீங்க இங்க என்ன பண்ணுதீங்க?"

"டூர் வந்திருக்கோம் சார்" என்றாள் அம்மா. "நீங்களும் டூரா?"

அவர் பழப்பையைக் கட்டிலடியில் வைத்தார். தொம்மையைப் பார்த்தார். தொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பையன்கள், ஒரு பெண். பையன்கள் வாசலில் நின்று எங்கள் தீபாவளிச் சட்டையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். பெண் குழந்தை தொட்டிலில். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பது அந்தக் காலுக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பிலோமி அத்தை அகப்பையோடு வெளியே வந்தார். "சார், இவரு வாயில பட்டதே கிடையாதுன்னு நான் சொல்லமாட்டேன். திருநாளுக்குக் குடிப்பாரு, கல்யாணத்துக்குக் குடிப்பாரு. குடிச்சா பாட்டுப் படிப்பாரு, தெருவுக்கே தெரியும். அன்னைக்குக் குடிக்கல. நான்தான் கட்டுச்சோறு குடுத்து அனுப்பினேன்."

"நீ உள்ள போம்மா. நான் அவன்கிட்டப் பேசுதேன்."

"என் வீட்ல நான் எங்கன நிக்கணும்னு நீங்க சொல்லாதீங்க."

தொம்மை மெல்லத் தலையைத் திருப்பினார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நான் என்ன செய்யட்டும்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "உனக்கு எது முடியுமோ அதைச் சொல்லு தொம்மை. பிள்ளைகள வச்சிருக்க. நான் பாத்தத நான் சொல்லிட்டேன். நீ எப்படிச் சொன்னாலும் எனக்கு உன்மேல வருத்தம் கிடையாது."

அதோடு விட்டிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. தொம்மை இணங்கியிருப்பார் என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார். ஆனால் சூப்பர்வைசருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இவரு பேச்சக் கேட்டு நடக்காத தொம்மை. இப்படிப் பேசித்தான் நேத்து இவருக்கு வேலை போச்சு. இப்ப ஊரு சுத்திட்டு அலையுதாரு. நீயும் அப்படி அலையணுமா?"

குசினியில் குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"லீவுன்னீங்களே அண்ணாச்சி" என்றார் தொம்மை.

தொம்மை மனைவியைக் கூப்பிட்டார். "ஏளா, என்னைத் தூக்கி உக்கார வை."

"டாக்டர் அசையக் கூடாதுன்னு..."

"உக்கார வைளா."

பிலோமி அத்தை ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அப்பா முதுகுக்குத் தலையணை கொடுத்தார். தொம்மைக்கு வேர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மூச்சு வாங்கச் சொன்னார்:

"படுத்துக்கிட்டே சொன்னா மரியாதையா இருக்காது சார். அதான் எந்திச்சேன். நான் அன்னைக்குக் குடிக்கல. கயிறு அந்துதான் விழுந்துச்சு. நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். பழத்த எடுத்துட்டுப் போங்க."

சூப்பர்வைசர் "பாப்போம்" என்றார். அந்த மாதிரி ஆட்கள் எல்லோரும் சொல்வது அதுதான். ஆனால் அவர் கெட்ட நேரம், சந்தில் காரைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்துக்கொண்டு கோயில் தெரு வரை போக வேண்டும். தொம்மையின் பையன்களும் சந்தின் பிள்ளைகள் அத்தனை பேரும், அவர்களுக்கு நடுவில் என் தம்பியும், காரின் பின்னால் நின்று கையை ஆட்டி, "வரலாம், வரலாம், ரைட்டு, ஹோல்டான்!" என்று கத்திக்கொண்டே அவரை ஊருக்கு வெளியே அனுப்பிவைத்தார்கள். ஹோல்டான் என்று நிறுத்தச் சொன்னபோது கார் ஒரு மீன் கூடையில் இடித்திருந்தது. அதை அவர்கள் வேண்டுமென்றே தாமதமாகச் சொன்னார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கார் போன பிறகு தொம்மையை மெல்லப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். பிலோமி அத்தை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்தான். சாப்பிடுங்க."

அன்று தின்ற சாளைக் குழம்பைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு முள் எடுக்கத் தெரியாது. பாதி தொண்டையில் குத்தியது. அழாமல் விழுங்கினேன். அழுகிற ஆட்கள் அன்றைக்குப் போதுமான அளவு இருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பேசிக்கொண்டே வந்தார். தம்பி அவர் மடியில் தூங்கிவிட்டான். "ஆஸ்பத்திரிக்குப் போன விஷயத்தை ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று அம்மாவிடம் கேட்டார். "சொன்னா நீங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்திருப்பீங்க" என்றாள் அம்மா. "பயந்திருப்பேன்தான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். மில்லர்புரத்தில் இறங்கியதும், அம்மா சொல்லாமலேயே, பெரிய தெரு வழியாக நடக்க ஆரம்பித்தார்.

இதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அப்படி நடக்கவில்லை. தொம்மை சொன்னதையே சொன்னார், மாற்றவில்லை. வழக்கு இழுத்தது. அவருக்கு வர வேண்டியது வந்து சேர்ந்தபோது நான் தாவணி போட்டுவிட்டேன். கால் ஒரு பக்கம் குட்டையாகத்தான் கூடியது. ஆனாலும் வள்ளத்தில் ஏறினார், திருநாளுக்குப் பாட்டுப் படித்தார். அப்பாவைத் துறைமுகத்தில் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. ஒரு உப்பு வியாபாரியிடம் கணக்கெழுதினார், பாதிச் சம்பளம். அவர் தியாகி மாதிரியெல்லாம் இருக்கவில்லை. மாதக் கடைசியில் முணுமுணுப்பார், மீன் குழம்பில் மீன் எங்கே என்பார், எங்கள் பள்ளிக்கூடச் செருப்பைக் கயிறு போட்டுத் தைத்துக் கொடுப்பார். எதிர்வீட்டு மாமா பதவி உயர்ந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அந்த விழாவுக்கு அப்பாவும் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார். ஒரே ஒரு தடவை நான் அவரிடம் கேட்டேன், அன்றைக்குத் தலையசைத்திருக்கலாமோ என்று நினைத்ததுண்டா என்று. "சம்பளத் தேதிக்குச் சம்பளத் தேதி நினைப்பேன்" என்றார். "ஆனா தலைய ஆட்டிருக்க மாட்டேன்."

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நைந்த கயிற்றின் கீழ் மனிதனை நிற்கவைத்த காலம் அது. எனக்கு அந்தக் காலம் வேண்டாம். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கட்டடத்தில் கைபேசி விற்கிறார்கள். போன வருஷம் உள்ளே போய் நின்று பார்த்தேன். அப்பாவை விசாரித்த அறை எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாச் சுவர்களையும் இடித்துவிட்டிருந்தார்கள். "என்ன பாக்கீங்க மேடம்?" என்று விற்பனைப் பையன் கேட்டான். "சும்மா பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, வேண்டிய மட்டும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். துறைமுகத்திலும் இப்போது எங்கே பார்த்தாலும் கன்டெய்னர். பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று மோப்ப நாய்க்குக்கூடத் தெரியாது.

அப்பா இல்லை, அம்மா இல்லை. தொம்மையும் போய்விட்டார். பிலோமி அத்தை மட்டும் இருக்கிறார். ஆற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதற்குப் பின்னால் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மீன் ஏலச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. அத்தைக்கு என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டார்.

"வீடு போயிட்டு ளா. கரையோட அறுத்துக்கிட்டுப் போயிட்டு. மைக்கு போட்டு, ஓடுங்க ஓடுங்கன்னு கத்துனானுவ. நான் பையத்தான் வந்தேன். என் வீட்ட விட்டு நான் ஓடணுமாக்கும்?"

"என்ன எடுத்துட்டு வந்தீங்க அத்தை?"

"ஒண்ணும் எடுக்கல. எடுத்துட்டு வந்தா, இனிமே திரும்பிப் போக மாட்டேன்னு அர்த்தமாயிரும்லா?"

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "திருநாளுக்கு வந்துரு. நம்ம வீட்லதான் சாப்பாடு" என்றார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. "வாரேன் அத்தை" என்றேன்.

மறுநாள் நானே புன்னைக்காயலுக்குப் போய்ப் பார்த்தேன். கோயில் தெரு இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் சந்து, பத்தடி போனதும் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஆறு ஓடுகிறது.